ஏழு ஆறான கதை

2025 மார்ச் 22, ஒரு சனிக்கிழமை. யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ரீவி தன் பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. இந்தியாவில் எம்.பி. ஆசனங்களைச் சனத்தொகைப்படி மாநிலங்களுக்குத் திரும்பப் பிரிப்பது பற்றிச் சென்னையில் ஸ்டாலின் கூட்டிய கூட்டம். பினராயி விஜயன், ரேவந்த் ரெட்டி, பஞ்சாபிலிருந்து பகவந்த் மான் என்று முதலமைச்சர்கள், கர்நாடகத்திலிருந்து துணை முதலமைச்சர் சிவகுமார். அம்மா பாக்கு வெட்டிக்கொண்டே கேட்டார்.

"உவையளுக்கு என்ன பிரச்சினையாம்?"

"தமிழ்நாட்டுக்கு எம்.பி. ஆசனம் குறையப்போகுதாம் அம்மா. முப்பத்தொன்பதிலை எட்டுப் போயிடும் எண்டு ஸ்டாலின் சொல்லுறார்."

"எங்களுக்கு இப்ப எத்தினை?"

"ஆறு."

"முந்தி?"

"போன முறை ஏழு. அதுக்கு முந்தி ஒன்பது."

அம்மா பாக்குவெட்டியைக் கீழே வைத்தார். "அப்ப நாங்கள் ஏன் ஒரு கூட்டமும் போடேல்லை?"

எனக்குப் பதில் வரவில்லை. நான் உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். பிள்ளைகளுக்கு இந்திய அரசியலமைப்பின் 81, 82 ஆம் உறுப்புரைகளைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சொந்த மாவட்டத்துக்கு ஏழு ஏன் ஆறானது என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்த முடியாமல் ரீவியின் சத்தத்தைக் கூட்டினேன்.

அந்தக் கிழமை வகுப்பில் கரும்பலகையில் எழுதினேன். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம், அதாவது கிளிநொச்சியும் சேர்ந்தது: 1989இல் 11, 1994இல் 10, 2000இல் 9, 2015இல் 7, 2024இல் 6. பின் வாங்கிலிருந்து ஒரு பெடியன், "சேர், இறங்குவரிசை" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

கணக்கு ஒன்றும் இரகசியமில்லை. எங்கள் பாராளுமன்றத்தின் 225 பேரில் 29 பேர் தேசியப் பட்டியல், அதாவது கட்சிகளுக்கு நாடு முழுவதும் விழுந்த வாக்குப்படி வருகிறவர்கள். மிச்சம் 196. அதில் 36ஐ முதலில் ஒதுக்கி, ஒன்பது மாகாணத்துக்கும் தலா நான்கு என்று வைத்துவிடுகிறார்கள். எஞ்சிய 160தான் வாக்காளர் தொகைப்படி 22 தேர்தல் மாவட்டங்களுக்கும் பிரிபடுகிறது. 2024இல் நாடு முழுவதும் பதிவான வாக்காளர் 1 கோடி 71 இலட்சத்து 40 ஆயிரம். 160ஆல் வகுத்தால் ஓர் ஆசனத்துக்குச் சுமார் 1 இலட்சத்து 7 ஆயிரம் பேர். யாழ்ப்பாணத்தில் 5 இலட்சத்து 93 ஆயிரம் வாக்காளர். வகுத்துப் பார்த்தேன், 5.54 வந்தது. கொழும்புக்குப் பக்கத்துக் கம்பஹாவில் 18 இலட்சத்து 81 ஆயிரம். அது 17.56. மீதி பெரிதாக உள்ள மாவட்டத்துக்குத்தான் மிச்ச ஆசனம் போகும் என்பது விதி. அவரவர் மாகாணத்தின் நான்கிலிருந்து வரும் ஒன்றையும் சேர்த்து, அந்தத் தேர்தலில் நாங்கள் ஏழிலிருந்து ஆறானோம், கம்பஹா பதினெட்டிலிருந்து பத்தொன்பதானது. என் போன் கல்குலேட்டர் சொன்ன கணக்குத்தான், தேர்தல் ஆணைக்குழுவின் தாளை நான் பார்க்கவில்லை. ஆனாலும் 0.54க்கும் 0.56க்கும் நடுவில் ஒரு எம்.பி. நழுவியிருக்கிறார் என்று தெரிந்தபோது, கால் மார்க்கில் கம்பஸ் போகாத பிள்ளையின் தாய் மாதிரித்தான் எனக்கு இருந்தது.

இன்னொன்றையும் கவனித்தேன். 2020இல் யாழ்ப்பாண வாக்காளர் இடாப்பில் இருந்தவர்கள் 5 இலட்சத்து 71 ஆயிரம். அப்போது ஆசனம் ஏழு. நான்கு வருடத்தில் இருபதாயிரத்துக்கு மேல் கூடியும் ஆசனம் ஆறாகிவிட்டது. நாங்கள் குறையவில்லை, மற்ற இடங்கள் எங்களைவிட வேகமாகக் கூடின. தமிழ்நாட்டின் பிரச்சினை முழுவதும் இதுதான். அங்கே கோடிக்கணக்கில் பேசுவதால் பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இந்தியாவில் மக்களவை ஆசனங்கள் 1971 குடிசன மதிப்பீட்டோடு நிற்கின்றன. 1976இல், அவசரநிலைக் காலத்தில், 42 ஆவது திருத்தம் மாநிலங்களுக்கான ஆசனப் பங்கை உறையவைத்தது. குடும்பக் கட்டுப்பாட்டைச் சரியாகச் செய்த மாநிலம் அதனாலேயே ஆசனத்தை இழக்கக்கூடாது என்பது காரணம். 2001இல் 84 ஆவது திருத்தம் அந்த உறைநிலையை 2026க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. இடையில் தொகுதி எல்லைகள் மாறின, மாநிலங்களுக்கான எண்ணிக்கை மாறவில்லை. அவர்கள் இதைத் 'தொகுதி மறுவரையறை' என்கிறார்கள், நாங்கள் 'எல்லை நிர்ணயம்' என்கிறோம். எங்கள் சொல்லில் ஒரு மதில் கட்டுகிற சாந்தம் இருக்கிறது. அதனால்தானோ என்னவோ எங்களுக்குக் கோபம் வருவதில்லை.

தமிழ்நாட்டுக்கு இது முதல் தடவையும் அல்ல. 1962 தேர்தலில் சென்னை மாநிலத்துக்கு 41 ஆசனம் இருந்தது. 1967இலிருந்து 39. அந்த இரண்டு ஆசனத்துக்காகத் தெருவில் இறங்கியவர்கள் பற்றி நான் எங்கும் படித்ததில்லை. அந்த வருடத் தேர்தலில் இந்தி எதிர்ப்பும் அரிசியும்தான் பேச்சாக இருந்தன.

இரவில் போனில் இந்தியப் பொதுக்கொள்கை ஆய்வுகளைப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. மேடைப் பேச்சைவிட அவற்றில்தான் அந்த நாடு எனக்குப் பிடிபடுகிறது. கார்னகி என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்துக்காக மிலன் வைஷ்ணவும் ஜேமி ஹின்ட்சனும் 2019இல் போட்ட கணக்கு ஒன்று. ஆசனம் 543ஆகவே இருந்து, 2026 சனத்தொகை மதிப்பீட்டின்படி பிரித்தால், உத்தரப் பிரதேசமும் பிகாரும் சேர்ந்து 21 ஆசனம் கூடப் பெறும், தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து 16 இழக்கும். எந்த மாநிலத்துக்கும் ஒன்றும் குறையக்கூடாது என்றால் மக்களவையை 848 ஆசனமாகப் பெருப்பிக்க வேண்டும். அப்போது உத்தரப் பிரதேசம் 80இலிருந்து 143, தமிழ்நாடு 39இலிருந்து 49, கேரளம் இருந்த இருபதிலேயே நிற்கும். 2023 மே மாதம் திறந்த புதிய பாராளுமன்றக் கட்டடத்தில் மக்களவைக் கூடத்துக்கு 888 இருக்கை போட்டிருக்கிறார்கள். கதிரை செய்கிற ஆளுக்கு முதலே தெரிந்திருக்கிறது.

2025 பெப்ரவரியில் கோயம்புத்தூரில் அமித் ஷா, தென் மாநிலங்கள் ஓர் ஆசனம்கூட இழக்காது என்றார். அது பொய்யாக இருக்கத் தேவையில்லை. 39 என்பது 49 ஆனால் யாரும் இழக்கவில்லைதானே? ஆனால் 543இல் 39 என்பது நூற்றுக்கு ஏழுக்கு மேல். 848இல் 49 ஆறுக்கும் குறைவு. ஆசனம் கூடும், பங்கு குறையும். பிள்ளைகளுக்கு இதை நான் சுலபமாகச் சொல்லிவிட்டேன். "வீட்டிலை அப்பம் சுடேக்கை உனக்கு மூண்டு, அண்ணனுக்கு மூண்டு. நாளைக்கு உனக்கு நாலு, அண்ணனுக்கு எட்டு. உனக்குக் குறைஞ்சுதோ?" ஒரு பிள்ளை, "அண்ணன் சாப்பிட்டு முடிச்ச பிறகு சண்டைக்கு வந்தால் குறைஞ்சதுதான் சேர்" என்றாள். வாக்கெடுப்பு என்பதை இதைவிட நன்றாக நான் படிப்பித்ததில்லை.

சரி, மற்றப் பக்கத்தையும் பார்க்கவேண்டும். தமிழ்நாட்டு ஊடகங்கள் அதைக் காட்டுவது குறைவு. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஓர் எம்.பி. சுமார் 18.5 இலட்சம் பேருக்கு. பிகாரில் 26 இலட்சம் பேருக்கு. பிகாரின் ஏதோ ஓர் ஊரில் பிறந்த பெண், தான் அதிகம் பிள்ளை பெறுகிற மாநிலத்தில் பிறந்ததாலேயே தன் வாக்குக்கு ஏன் மதிப்புக் குறைவு என்று கேட்டால் என்ன சொல்வது? பிள்ளை பெறுவதைத் தீர்மானித்தது அவளா? பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் போய்ச் சேராத இடத்தில் பிள்ளை கூடுகிறது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் பிகாரின் கருவள வீதம் 3.0, தமிழ்நாட்டின் வீதம் 1.8. ஒரு மாநில அரசின் தோல்விக்கு அந்த மாநிலத்து வாக்காளரைத் தண்டிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஸ்டாலினோ, பதினாறும் பெறச் சொன்ன பழைய வாழ்த்தைப் பகிடியாக எடுத்து, கல்யாண வீடுகளில் மணமக்களைப் பிள்ளை பெறச் சொன்னார். பகிடியாக இருந்தாலும் எனக்கு அது பிடிக்கவில்லை. ஐம்பது வருடம் பெண்கள் பாடுபட்டு எடுத்த ஒரு தீர்மானத்தை ஆசனக் கணக்குக்காகத் திருப்பிக் கேட்பது போல இருந்தது.

இதைச் சொல்கிறபோது எனக்கு வன்னி நினைவுக்கு வருகிறது. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்தில் 2024இல் 3 இலட்சத்து 6 ஆயிரம் வாக்காளர். அவர்களுக்கும் ஆறு ஆசனம், எங்களுக்கும் ஆறு. வடக்கு மாகாணத்துக்கான அந்த நான்கில் வன்னிக்கு மூன்று, எங்களுக்கு ஒன்று. அது செய்கிற வேலை. யாழ்ப்பாணத்தானின் வாக்கைவிட வன்னியானின் வாக்குக்கு ஏறக்குறைய இரட்டிப்பு எடை. இதை ஒருவரும் அநியாயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. நானும் சொல்லமாட்டேன். பெரிய நிலம், சிதறிய ஊர்கள், 2009இன் முடிவை முழுதாகத் தாங்கிய சனம். ஆக, ஒருவருக்கு ஒரு வாக்கு, ஒரே மதிப்பு என்பதை நாங்களே அவ்வளவு கண்டிப்பாகப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. எங்களுக்கு வாய்ப்பாக இருக்கிற இடத்தில் பேசாமல் இருந்திருக்கிறோம்.

இந்த ஊரில் ஆசனச் சண்டை நூறு வருடப் பழசு. மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஒரு தனி ஆசனம் தருவதாகச் சொன்ன வாக்குக் காப்பாற்றப்படவில்லை என்றுதான் பொன்னம்பலம் அருணாசலம் 1921இல், தான் முதல் தலைவராக இருந்த இலங்கைத் தேசிய காங்கிரஸை விட்டு வெளியேறினார். ஒரேயொரு ஆசனம். பிறகு ஜி. ஜி. பொன்னம்பலத்தின் ஐம்பதுக்கு ஐம்பது: சிங்களவருக்குப் பாதி, மற்ற எல்லோருக்கும் சேர்த்துப் பாதி. சுதந்திரத்துக்கு முன் பிரித்தானியா அனுப்பிய சோல்பரி ஆணைக்குழு அதை ஏற்கவில்லை. ஆனால் அரசியலமைப்பில் ஓர் ஏற்பாடு வந்தது. 75,000 பேருக்கு ஓர் ஆசனம், அதற்கு மேல் ஆயிரம் சதுர மைலுக்கும் ஓர் ஆசனம். சனம் குறைந்த வடக்குக்கும் கிழக்குக்கும் நிலத்தின் பெயரால் கொஞ்சம் எடை கொடுத்தார்கள்.

நல்ல ஏற்பாடுதான். அது எப்படிக் கெட்டது என்பதைத்தான் இந்தியக்காரர் யாராவது படிக்கவேண்டும். 1948 பிரஜாவுரிமைச் சட்டமும் 1949 தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்டங்களில் வேலை செய்த மலையகத் தமிழரின் வாக்கை எடுத்துவிட்டன. 1947இல் அவர்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனம் வென்றது. 1952இல் ஒன்றுமில்லை. ஆனால் எல்லை நிர்ணயத்துக்குச் சனத்தொகையைத்தான் எண்ணினார்கள், வாக்காளரை அல்ல. தோட்டத்துச் சனம் தலைக்கணக்கில் இருந்தது, வாக்குக் கணக்கில் இல்லை. அவர்கள் தலையைக் காட்டி எடுத்த ஆசனங்களில் பக்கத்துக் கிராமத்தவர்கள் பிரதிநிதி அனுப்பினார்கள். இதை மேசையில் வைக்காமல் 'சனத்தொகை அடிப்படை' என்று யாராவது பேசினால் நான் நம்புவதில்லை. எந்தச் சனம், யார் எண்ணியது, எண்ணப்பட்டவர் வாக்குப் போட முடியுமா, இந்த மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் மிச்சம்.

திருப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பனியன் கம்பனியில் வேலை செய்கிற பிகார்த் தொழிலாளியை இந்தியக் குடிசன மதிப்பீடு அவர் இருக்கிற இடத்தில், தமிழ்நாட்டில் எண்ணும். வாக்கு பெரும்பாலும் ஊரில் கிடக்கும். தலை தமிழ்நாட்டின் ஆசனத்துக்கு உதவும், வாக்கு தமிழ்நாட்டில் ஒருவருக்கும் விழாது. 2025இல் பிகாரில் வாக்காளர் பட்டியலைத் தீவிரமாகத் திருத்தியபோது வரைவுப் பட்டியலில் 65 இலட்சம் பெயர்கள் இல்லை. அதில் 36 இலட்சம் பேர் நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர்கள் அல்லது காணக்கிடைக்காதவர்கள் என்று தேர்தல் ஆணையம் சொன்னது. 'இடம்பெயர்ந்தவர்', 'காணக்கிடைக்காதவர்'. அந்தச் செய்தியை நான் இரண்டு தரம் வாசித்தேன். அந்தச் சொற்களுக்கு இங்கே வேறு பாரம்.

காசு விஷயத்தில் இந்தியா இதைவிடக் கெட்டித்தனமாக யோசித்திருக்கிறது என்பது என் எண்ணம். 15 ஆவது நிதி ஆணைக்குழு வரிப் பங்கைப் பிரிக்க 2011 சனத்தொகையை எடுத்தது. தென் மாநிலங்கள் கோபித்தன. உடனே பிறப்பைக் கட்டுப்படுத்திய மாநிலத்துக்கென்று 12.5 வீதம் எடை வைத்தது. எல்லோரும் திருப்தியடையவில்லை, தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது 4.079 வீதம், உத்தரப் பிரதேசத்துக்கு 17.939. என்றாலும் ஒரு சூத்திரம் இருக்கிறது, அதில் சண்டை பிடிக்க இடம் இருக்கிறது. ஆசனத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஒன்றில் உறைய வை, இல்லாவிட்டால் தலையை எண்ணு. மாநிலங்களவையாவது ஈடு செய்யும் என்றால் அதுவும் பெரும்பாலும் சனத்தொகைப்படிதான்: உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18. தமிழ்நாட்டு அனைத்துக் கட்சிக் கூட்டம் கேட்டது 1971 கணக்கை இன்னும் முப்பது வருடம் வைத்திருக்கச் சொல்லி. எண்பத்தைந்து வருடப் பழைய கணக்காக அது முடியும். நான் தமிழ்நாட்டான் என்றால் அதைக் கேட்கமாட்டேன். மாநிலத்துக்கு இவ்வளவுக்குக் குறையாது என்று எங்கள் அரசியலமைப்பில் உள்ள நான்கைப் போல ஓர் அடித்தளத்தையும், எல்லா மாநிலமும் சமமாக உட்காருகிற ஒரு மேலவையையும் கேட்பேன். எங்கள் 1978 அரசியலமைப்பில் நான் மெச்சுகிற இடங்கள் மிகக் குறைவு. அந்த நான்கு அதில் ஒன்று.

எண்ணாமல் விடுவதும் ஓர் அரசியல்தான். இந்தியாவில் 2021இல் எடுக்கவேண்டிய குடிசன மதிப்பீடு கொரோனாவோடு தள்ளிப்போனது, 2027 மார்ச் 1 என்று திகதி குறித்தது 2025 ஜூனில். அதுவரைக்கும் ரேஷன் அரிசியே 2011 கணக்கில் ஓடியது. அதனால் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் விடுபடுகிறார்கள் என்று பொருளியலாளர்கள் ஜான் திரேஸும் ரீத்திகா கேராவும் 2020இலேயே கணக்குக் காட்டினார்கள். எங்களுக்கு இது புதினமில்லை. 1981இல் யாழ்ப்பாண மாவட்டம், அப்போது கிளிநொச்சியும் உள்ளே, 8 இலட்சத்து 30 ஆயிரம் பேர். 1991இல் கணக்கெடுப்பே இல்லை, 2001இல் வடக்கில் முழுதாக எடுக்க முடியவில்லை. 2012இல் எண்ணியபோது இரண்டு மாவட்டமும் சேர்ந்து ஏழு இலட்சத்தை எட்டவில்லை. முப்பத்தொரு வருடம் நாங்கள் எத்தனை பேர் என்று எங்களுக்கே தெரியாமல் இருந்தோம்.

குறைந்தது எல்லாம் குண்டாலும் கப்பலாலும் அல்ல. 1990 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணத்துச் சோனகத் தெரு முஸ்லிம் ஆட்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னது எங்கள் பெயரில் ஆயுதம் வைத்திருந்தவர்கள். அவர்களின் பிள்ளைகள் பலர் இன்று புத்தளத்தில் எண்ணப்படுகிறார்கள். இறங்குவரிசையைக் கரும்பலகையில் எழுதுகிற அன்று இதையும் சொல்லாவிட்டால் நான் படிப்பிக்கிறது அரசியல் விஞ்ஞானம் இல்லை.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். வருடா வருடம் கிராம சேவையாளர் வாக்காளர் பதிவுப் படிவத்தோடு வருவார். அப்பா பேனைக்கு மை நிரப்பி வைத்திருப்பார். பெரியண்ணை 1989இல் ரொரன்ரோ போனார், அக்கா 1995 இடப்பெயர்வோடு கொழும்பு போய் அங்கிருந்து பாரிஸ். அப்பா ஒவ்வொரு வருடமும் ஆறு பெயரையும் எழுதுவார். "தற்காலிகமாக வெளியே" என்பது அவருடைய விளக்கம். அந்தத் தற்காலிகத்தில் அண்ணைக்குப் பேரப்பிள்ளையும் பிறந்துவிட்டது. எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். 2010 பொதுத் தேர்தலின்போது யாழ்ப்பாண இடாப்பில் 7 இலட்சத்து 21 ஆயிரம் பெயர். வாக்குப் போட வந்தவர்கள் நாலில் ஒருவருக்கும் குறைவு. இடாப்பு திருத்தப்பட்டு, 2015 தேர்தலில் 5 இலட்சத்து 29 ஆயிரம். ஒன்பது ஏழானது அந்த இடைவெளியில்தான்.

சரியான வேலைதான், இல்லாதவரை இருப்பவராகக் காட்டக்கூடாது. என்றாலும் யாழ்ப்பாணத்தின் ஒன்பது ஆசனம் கொஞ்சக் காலம் எங்கள் அப்பாவைப் போன்ற ஆட்களின் பேனை மையில் நின்றது என்று நினைக்க எனக்கு ஒரு மாதிரி இருக்கும். 2024இல் ஆறு ஆசனத்துக்கு வாக்குச்சீட்டு பாய் போல நீளமாக வந்தது. ஆசனம் குறையக் குறையப் பட்டியல் கூடுகிற அதிசயம் எங்களிடம் மட்டும்தானா என்று தெரியவில்லை. ஆறில் மூன்றை, அந்த வருடம் கொழும்பில் ஆட்சிக்கு வந்த தேசிய மக்கள் சக்தி எடுத்தது. தமிழ்க் கட்சிகள் அதைப் பற்றிப் பேசிய அளவில் நூறில் ஒரு பங்கு, ஏழாவது ஆசனம் போன கதையைப் பேசவில்லை.

அப்பா போய்ப் பல வருடம். தங்கச்சி கலியாணம் முடித்து மானிப்பாயில், அவளுடைய பெயர் அங்கே. இந்த முறை கிராம சேவையாளர் புதுப் பெடியன், மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே படிவத்தை நீட்டினான். "வீட்டிலை எத்தினை பேர், சேர்?"

"ரெண்டு."

அம்மாவின் பெயரையும் என் பெயரையும் எழுதினேன். அதற்குக் கீழே வெறும் கட்டங்கள். அம்மா எட்டிப் பார்த்து, "மிச்சத்தை என்ன செய்யிறது, தம்பி?" என்று பெடியனைக் கேட்டார்.

"சும்மா ஒரு கோடு கீறி விடுங்கோ அம்மா."

நான் கையாலேயே இழுக்கப் போனேன். "பொறு" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய், அப்பாவின் மேசை லாச்சியிலிருந்து அடிமட்டம் எடுத்துக்கொண்டு வந்தார்.